கண்ணாடித் தரையில் ஒரு சின்னக் கரண்டி

சென்ற வாரம் நாம் இந்த வீட்டிலிருந்து விடைபெற்றபோது, மேல்வீட்டம்மா குளியலறைக் கதவைத் தாழிட்டுவிட்டுக் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் தம்முடைய ஓங்கரிப்பு வெளியே கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை. கதவுக்கு வெளியே நின்றிருந்த கணவருக்கு அது நன்றாகவே கேட்டது.

இவ்வாரம்தான் நம்முடன் சேரும் வாசகர்களுக்காக ஓரிரு செய்திகள். முன்பே அறிந்தவர்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும். மேல்வீடு, கீழ்வீடு என்பன உண்மையில் வீடுகள் அல்ல. துறைமுகத்தின் சரக்கு முற்றத்தில், உயரே தொங்கும் கிரேன் அறையில் அமர்ந்து, லாரி நீளமுள்ள இரும்புப் பெட்டிகளைத் தூக்கி வைத்தவர் இந்த அம்மையார். கீழே தரையில் நின்று அவருக்குக் கைச்சைகை காட்டியவர் அவருடைய கணவர். திருமணத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட ஏற்பாடு அது. உடன் வேலை செய்தவர்கள் ஒருவரை மேல்வீடு என்றும் மற்றவரைக் கீழ்வீடு என்றும் கேலியாக அழைக்கப் போய், அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

உடல் எடை ஏறிக்கொண்டே வந்து, ஏணியில் ஏறும்போது இடுப்பில் மாட்டும் பாதுகாப்பு வாரின் வரம்பைத் தாண்டியதும், மேல்வீட்டம்மாவைக் கீழே இறக்கி, நுழைவாயிலில் லாரிகளுக்குக் கதவு திறந்துவிடும் வேலையில் அமர்த்தினார்கள். இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அவர் சம்மதித்தது அழகுக்காக அன்று, அந்த ஏணிக்காக. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எடையும் இறங்கியது. வேகம்தான் இறங்க மறுத்தது.

ஒரு லாரி கிளம்பி, அடுத்த லாரி பின்வாங்கி வந்து நிற்பதற்குள் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து பழகிய வாய் அது. இப்போதிருக்கும் இரைப்பையோ ஒரு சிறு கிண்ணம் அளவுதான். அவசரமாக விழுங்கினால், விழுங்கியது நெஞ்சுக்குக் கீழே சிக்கிக்கொண்டு, ஆளை இரண்டாக மடித்து, வெளியே வந்த பிறகுதான் ஓயும். சென்ற வாரம் குளியலறையில் நடந்தது அதுவே.

அன்று கதவைத் திறந்துகொண்டு வந்தவரிடம் கணவர் சொன்னார்: "தலைக்கு மேல பெட்டி தொங்கும்போது உனக்கு இப்படி வந்தா என்ன பண்ணுவ? கீழ நிக்கிறவன் நான் ஒருத்தன் மட்டும் இல்ல. இன்னொரு தடவை வந்துச்சுன்னா, வேண்டாம்னு நானே சொல்லிடுவேன்."

அவர் சொன்னால் அது செல்லும். சைகை காட்டுபவர், 'இவருக்குக் கீழே நான் நிற்க மாட்டேன்' என்று கூறிவிட்டால் அந்த ஆபரேட்டரை மேலே ஏற்றுவதில்லை என்பது முற்றத்தின் விதி.

இன்று சோதனை நாள். மேல்வீட்டம்மா மீண்டும் மேலே ஏறலாமா, கூடாதா என்பது இன்று மாலைக்குள் முடிவாகிவிடும்.

காலை உணவு மேசையில் பேச்சு முழுவதும் அண்ணியுடையதாகவே இருந்தது. கணவரின் அக்காவான அவர், அறுவைச் சிகிச்சையின்போது துணைக்கு வந்தவர்; வந்த கையோடு சமையலறையைத் தம் ஆளுகைக்குள் எடுத்துக்கொண்டவர்.

"முழுசா ஒரு முட்டை வச்சேன். பாதியை ஒதுக்கிட்டியே. அந்தக் கோழி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"பாதிதான் இறங்குது அண்ணி."

"ஏணி ஏறப் போறவ நீ. பாதி முட்டைக்குப் பாதி ஏணிதான் ஏற முடியும்."

மேல்வீட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தைகளுக்கு ஊட்டும் சின்னக் கரண்டியால் முட்டையைக் கிள்ளினார். எதிரே அமர்ந்திருந்த கணவர் இடக்கையைத் தட்டுக்கு மேலே குடைபோல் அசையாமல் பிடித்தார். அதன் அடியில் வலக்கையின் ஆட்காட்டி விரல் மிகச் சிறிய வட்டம் ஒன்றைப் போட்டது. 'மெதுவாக' என்பதற்கு முற்றத்தில் அதுதான் சைகை.

மேல்வீட்டம்மா மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார். மறுபடியும் மென்றார். உணவு ஆலோசகர் சொல்லிக்கொடுத்தபடி, வாயில் இருப்பது கூழாகும் வரைக்கும் கரண்டியைத் தொடக்கூடாது. வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேசை விரிப்பின் மடிப்புகளை நீவிக்கொண்டிருந்தார்.

பிறகு தும்மினார். அவருடைய தும்மல் தனி ரகம். சத்தம் குறைவு, தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி, தொப்பென்று இறங்கும்.

"பாத்தியா, மறுபடியும்," என்றார் அண்ணி. "தம்பி, அந்தப் பவுடரைப் போடாதடான்னு எத்தனை தடவைடா சொல்றது?"

"நான் பவுடர் போட்டு ஒரு மாசம் ஆகுதுக்கா."

"அப்ப திரைச்சீலைதான். இன்னிக்கு மறுபடி ஊற வைக்கிறேன்."

இந்தத் தும்மலின் காரணத்தைக் கண்டுபிடிப்பதை அண்ணி ஒரு வேள்வியாகவே நடத்தி வந்தார். மிளகு டப்பா பரணுக்குப் போயிற்று. பழைய தலையணைகள் வெளியேறின. சன்னலோரப் பூந்தொட்டி பக்கத்து வீட்டாருக்குத் தானமாயிற்று. தும்மல் மட்டும் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை.

"மூக்கைத் துடைச்சுட்டு மீதியையும் சாப்பிடு. தட்டுல வைக்காத."

அண்ணியின் மனம் நோகக்கூடாதென்று மேல்வீட்டம்மா இன்னும் ஒரு வாய் எடுத்துக்கொண்டார். உள்ளே போனது கல்லாகி நின்றது. காலணியைத் தேடுவதுபோல எழுந்து, நடைவழியில் மெல்ல இங்குமங்கும் நடந்தார். கணவரின் தேநீர்க் கோப்பை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லையே."

"நெஞ்சுல கை வச்சிருக்க."

"பட்டன் போடறேன்."

"அது ஜிப் வச்ச சட்டை."

மேல்வீட்டம்மா கையை எடுத்துக்கொண்டார். நல்லவேளையாக அந்தக் கல், குளியலறைவரை அவரை இழுத்துச் செல்லாமல், தானாகவே கரைந்து இறங்கியது.

துறைமுகத்துக்குச் செல்லும் பேருந்தில் இருவருக்கும் அருகருகே இடம் கிடைத்தது. பாதி வழியில் கணவர் பேச்சை எடுத்தார்.

"சூப்பர்வைசர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா? பாத்ததைச் சொல்லுங்க."

"பாத்தது நல்லா இல்லன்னா?"

"அதையும் சொல்லுங்க." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவர் சேர்த்துக்கொண்டார்: "ஆனா முழுசா பாத்துட்டுச் சொல்லுங்க."

சூப்பர்வைசர் இவர்கள் இருவருக்கும் இளையவர். மேல்வீட்டம்மாவைப் பார்த்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி வணக்கம் சொன்னார். அடுத்த கணமே அதிகாரியாகிவிட்டார்.

"சைரன் அடிக்கிற வரைக்கும் வேலை பாருங்கக்கா. மேலயே சாப்பிடுங்க, எப்பவும் போல. சாப்பிட்ட பிறகு ஒரு பெட்டி. அதை மட்டும் நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

"சாப்பிட்ட பிறகா?"

"வெறும் வயித்துல எல்லாரும் நல்லாத்தான் தூக்குவாங்க. நீங்க சாப்பிட்டு எப்படின்னு நான் பாக்கணும், இல்லையா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஏறி இறங்குவதிலேயே இடைவேளை கரைந்துவிடும் என்பதால் ஆபரேட்டர்கள் மேலேயே சாப்பிடுவது வழக்கம். அங்கே தனியாக மடிந்து விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் கிடையாது.

பாதுகாப்பு வாரை மாட்டிக் கொக்கியை இழுத்தபோது அது எளிதாகப் பூட்டிக்கொண்டது. வாரின் நுனி மிஞ்சி, தொடைப்பக்கம் தொங்கியது. மேல்வீட்டம்மா அந்த மிச்சத்தை ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏணியில் காலை வைத்தார்.

கிரேன் அறையின் தரை கண்ணாடியால் ஆனது. இருக்கையில் அமர்ந்து கால்களை விரித்து வைத்தால், நடுவே முற்றம் தெரியும். கடைசியாக இங்கே அமர்ந்திருந்த நாள்களில், முன்னே சாய்ந்து எட்டிப் பார்த்தால்தான் கணவரின் தலைக்கவசமாவது தென்படும். மீதியை அவருடைய வயிறே மறைத்துவிடும். இன்று குனிய வேண்டியிருக்கவில்லை. தலைக்கவசம் தெரிந்தது, கைகள் தெரிந்தன, காலணியின் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து கிடந்ததும் தெரிந்தது.

மேலிருந்து காலணியைச் சுட்டிக்காட்டினார். கீழே இருந்தவர் புரியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் தம் பாதத்தைப் பார்த்து, கயிற்றைக் கட்டிக்கொண்டார். பல நாள்களுக்குப் பிறகு இருவரும் சிரித்துக்கொண்டனர்.

முற்பகல் வேலையில் குறை சொல்ல ஏதுமில்லை. விசைப்பிடியில் கை வைத்ததும் கைக்குத் தன் வேலை நினைவுக்கு வந்துவிட்டது. கீழே விரல் சுழன்றால் மேலே பெட்டி எழுந்தது; உள்ளங்கை தாழ்ந்தால் நின்றது.

சாப்பாட்டுச் சைரன் ஒலித்தது.

டப்பாவின் மூடி திறக்க மறுத்தது. காரணம், அண்ணி. சொன்ன அளவுக்கு மேலே உருளைக்கிழங்கு மசியலையும் வேகவைத்து உதிர்த்த கோழியையும் அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தார். மேல்வீட்டம்மா சின்னக் கரண்டியை எடுத்தார். ஒரு வாய், கரண்டி கீழே. இன்னொரு வாய், கரண்டி கீழே. டப்பாவில் சுரண்டிய அடையாளம்கூடத் தெரியவில்லை.

கீழே அதற்குள் லாரிகள் வரிசைகட்டத் தொடங்கின. முதலில் நின்ற ஓட்டுநர் பொழுதுபோகாமல் ஒலிப்பானை அழுத்தினார். அந்த ஒலி நேராகப் போய் மேல்வீட்டம்மாவின் கையைத் தட்டியது. கரண்டி கீழே போகாமலே மறுபடி டப்பாவுக்குள் நுழைந்தது. சரியாகச் சாப்பிடாமல் கடைசிப் பெட்டியின்போது தலை சுற்றினால் என்ன ஆவது என்ற கவலை ஒரு பக்கம். அடுத்த சைரனுக்குள் முடிக்க வேண்டுமே என்ற பழைய துரத்தல் மறுபக்கம்.

கண்ணாடித் தரையில் ஏதோ அசைந்தது. கணவர் உணவகத்துக்குப் போகவில்லை. கக்கத்தில் ரொட்டிப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு, முற்றத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை குடைபோல் நின்றது. அடியில் ஒரு விரல் வட்டமிட்டது.

பார்க்காததுபோல் இருந்துவிடலாமா என்று மேல்வீட்டம்மா எண்ணினார். ஆனால், அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க அவருடைய கண்கள் பழகியிருக்கவில்லை. கரண்டியை வைத்தார். மென்றார். கீழே விரல் ஒருமுறை சுற்றியதும் அடுத்த வாய். பெட்டியை அங்குலம் அங்குலமாக இறக்குவதுபோலவே சாப்பாடும் இறங்கியது.

அப்போது தும்மல் வந்தது. தோள்கள் காதுவரை ஏறி, தொப்பென்று இறங்கின.

கீழே நின்றவர் அதைப் பார்த்தார். சுற்றிலும் இரும்பும் கண்ணாடியும். பவுடர் இல்லை, திரைச்சீலை இல்லை, மிளகு இல்லை, பூந்தொட்டி இல்லை. பிறகு எதற்காக இந்தத் தும்மல்? காலையில் தும்மினாள், அதன் பிறகு ஒரு வாய் சாப்பிட்டாள், அதன் பிறகுதான் நெஞ்சில் கை வைத்தாள். குளியலறைக் குழாய் திறந்த அன்றும் மேசையில் அக்கா, 'பவுடர், பவுடர்' என்று அதட்டிக்கொண்டிருந்தது அவருடைய நினைவுக்கு வந்தது.

மேலே சின்னக் கரண்டி மறுபடியும் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ரொட்டிப் பொட்டலம் தரையில் விழுந்தது. கணவர் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினார். நிறுத்து.

மற்றச் சைகைகளை அதற்கென்று அமர்த்தப்பட்டவர் காட்டினால்தான் கிரேன் அசையும். 'நிறுத்து' ஒன்றுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. யார் காட்டினாலும், எதற்கென்று கேட்காமல் நின்றுவிட வேண்டும். மேல்வீட்டம்மாவின் கை, அவரைக் கேட்காமலே, அந்தரத்தில் நின்றது.

கோபம் பிறகுதான் வந்தது. டப்பாவில் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். கீழே இருந்தவர் மூக்கைத் தொட்டார். வயிற்றைத் தொட்டார். மறுபடியும் கையை நீட்டி, உள்ளங்கையைத் தாழ்த்தினார். முற்றத்தின் சைகைகளில் மூக்குக்கு இடமே இல்லை, அவராகவே உண்டாக்கிக்கொண்டார்.

மூக்கு. வயிறு. நிறுத்து.

மேல்வீட்டம்மா கரண்டியை மெதுவாக இறக்கினார். இத்தனை வாரங்களாக, தும்மல் நின்றதும் சாப்பாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார் அவர். அந்தத் தும்மலோ வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நிரம்பிவிட்டது என்று சொல்ல உடம்புக்கு வாய் கிடையாது; கிடைத்த மூக்கால் சொல்லியிருக்கிறது போலும்.

மூடியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். வலி வழக்கமாக வரும் நேரம் வந்தது. வெறுங்கையோடு கடந்து போயிற்று.

சைரன் மீண்டும் ஒலித்தபோது சூப்பர்வைசர் கைகளைக் கட்டிக்கொண்டு லாரிக்கு அருகில் வந்து நின்றார். கீழே விரல் சுழன்றது, பெட்டி எழுந்தது. காற்றில் ஒருமுறை சோம்பலாகத் திரும்பப் பார்த்தது. மேல்வீட்டம்மா அவசரப்படவில்லை, அது ஆடி ஓயும் வரை விட்டுப்பிடித்து, பிறகு நகர்த்தினார். குடைபோல் ஒரு கை. அடியில் சிறு வட்டம். பெட்டி இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

லாரி ஓட்டுநர் சன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னண்ணே, இன்னும் வைக்கலையா?"

"வச்சாச்சுப்பா," என்றார் கீழ்வீட்டுக்காரர். "கிளம்பு."

மேல்வீட்டம்மா இறங்கி வந்து வாரைக் கழற்றும் வரைக்கும் சூப்பர்வைசர் காத்திருந்தார். கேள்வியைக் கணவரிடம்தான் கேட்டார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இவங்களுக்குக் கீழ நிப்பீங்களா?"

மேல்வீட்டம்மா வாரின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில வலிச்சுது. இவ சொல்லல, எனக்குத் தெரிஞ்சுது," என்றார் கணவர். "மத்தியானம் வலிக்கல. அதையும் பாத்தேன். ஏன் வலிச்சுது, ஏன் வலிக்கலங்கறது இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நிப்பேன்."

"அப்ப சரி. திங்கள்கிழமையிலேருந்து மேல ஏறுங்கக்கா." சூப்பர்வைசர் தலைக்கவசத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே தொடர்ந்தார்: "ஆனா இந்தக் கிரேன் இல்ல. இங்க இருக்கற ஆபரேட்டருக்கு இப்பத்தான் அண்ணன் கை பழகியிருக்கு, கலைக்க முடியாது. உங்களுக்குத் தண்ணி ஓரத்து உசரக் கிரேன்."

"கீழ யாரு?"

"நம்ம 'காத்து'தான்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். 'காத்து' என்று அழைக்கப்படும் அந்த மனிதர் வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால், சாப்பாட்டுச் சைரன் ஒலித்து ஓய்வதற்குள் உணவகத்தில் பாதிச் சாப்பாட்டை முடித்திருப்பார். இடைவேளையில் அவர் அண்ணாந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது செய்தியையும் தும்மலின் காரணத்தையும் கேட்ட அண்ணி, அகப்பையும் கையுமாகத் திரும்பினார்.

"அப்ப நான் திரைச்சீலையைத் தோய்ச்சுத் தோய்ச்சுக் கை வெந்து போனது?"

"வீடு பளிச்சுன்னு இருக்கு அண்ணி."

"பூந்தொட்டியை வேற தூக்கிக் குடுத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி இப்ப அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டா. திருப்பிக் கேட்டா தருவாளா?"

"இனிமே நான் பவுடர் போடலாமாக்கா?" என்று கேட்டார் தம்பி.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுடா."

ஆனால், அவர் சாப்பிடவில்லை. மனைவியின் மூக்கைப் பார்த்துக்கொண்டே, மேசை விளிம்பில் கையைத் தயாராக வைத்திருந்தார்.

"நீங்க சாப்பிடுங்க," என்றார் மேல்வீட்டம்மா. "திங்கள்கிழமை என் மூக்கைப் பாக்க நீங்க வர மாட்டீங்க."

அவர் தயங்கித் தயங்கித் தம் தட்டுக்குத் திரும்பினார். மேல்வீட்டம்மா ஒரு வாய் எடுத்துக்கொண்டார். கரண்டியை வைத்தார். இன்று விரிப்பை நீவவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் இருப்பதன் ருசியைக் கவனித்தார். உருளைக்கிழங்கில் அண்ணி கொஞ்சம் வெண்ணெய் சேர்த்திருக்கிறார் என்பதே இப்போதுதான் தெரியவந்தது.

"இதுல வெண்ணெய் போடுவீங்களா அண்ணி?"

"என்னிக்கு போடாம இருந்தேன்? உனக்கு இன்னிக்குத்தான் தெரியுதா?"

"இன்னிக்குத்தான் தெரியுது. நல்லா இருக்கு."

பாராட்டில் மனம் நிறைந்த அண்ணி, அகப்பை நிறைய அள்ளிக்கொண்டு நெருங்கினார். அதே நேரத்தில் தோள்கள் காதுவரை ஏறி, தொப்பென்று இறங்கின.

கணவரின் கை மேசை விளிம்பிலிருந்து எழுந்தது. அது எழுந்து முடிவதற்குள், இன்னொரு கை தட்டுக்கு மேலே நீண்டுவிட்டது. மேல்வீட்டம்மாவின் சொந்தக் கை. உள்ளங்கை கீழ்நோக்கி இருந்தது.

அகப்பை அந்தரத்தில் நின்றது. அண்ணி கையைப் பார்த்தார், அகப்பையைப் பார்த்தார்.

"இது எனக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் அண்ணி."

அண்ணி அகப்பையைப் பாத்திரத்துக்குள் திருப்பி இறக்கினார். முகத்தில் வருத்தம் இல்லை. ஏதோ ஒரு வேலை சுலபமாகிவிட்டதுபோலத் தோன்றியது.

கணவரின் கைப்பேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தவரின் முகம் சற்றுச் சுருங்கியது. மறுமுனையின் குரல் மேசை முழுவதும் கேட்டது. அவ்வளவு வேகமாகவும் சத்தமாகவும் பேசக்கூடியவர் முற்றத்தில் ஒருவர்தான்.

"கீழ்வீடு, என்னப்பா இது? உன் வீட்டம்மாவுக்குக் கீழ நான் நிக்கறேன்னு யாருப்பா சொன்னா? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா? நான் நிக்க மாட்டேன்னா என்ன பண்ணுவாங்க?"

மேல்வீட்டம்மா வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். இம்முறை உள்ளங்கை மேல்நோக்கி இருந்தது. கைப்பேசி அதில் வந்து அமர்ந்தது.

"மெதுவா சொல்லுங்கண்ணே," என்றார் அவர். "எனக்கு இப்ப எதுலயும் அவசரம் இல்ல."